முதுகு காட்டிய சூரியகாந்திகள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டறிந்த நாள் முதல் இன்றுவரை நிகழ்ந்தவற்றுள் தலையாயது என்று அரசின் செய்திக்குறிப்பு வருணித்த அந்த நிகழ்ச்சி, இன்னாசிபட்டினம் கடற்கரையில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், எமகண்டம் கழிந்து உச்சிவேளைக்கு முன்பாக இனிதே நடந்தேறியது. வானம் சாட்சி. வங்கக்கடல் சாட்சி. செய்தித்துறை வேனிலிருந்து இறங்கிய கேமராக்கள் சாட்சி. வருங்கால வரலாற்றாசிரியர்கள் இப்போதே பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான்: சில லட்சம் பூக்கள் ஓர் அமைச்சருக்கு முதுகைக் காட்டின.

கடல் ஊருக்குள் குடிவரத் தொடங்கியிருந்த காலம் அது. புயல் வந்தால்தான் தண்ணீர் ஏறும் என்ற நிலை போய், பௌர்ணமி வந்தாலே வாசல் நனையும் என்றாகியிருந்தது. இன்னாசிபட்டினத்தின் கிழக்குத் தெருக்கள் மூன்றும் பழைய மாதா கோயிலும் தண்ணீருக்குள் இருந்தன. கோயிலின் சிலுவை மட்டும் அலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மூழ்குகிறவன் கையைப் போல நின்றது. இரண்டு முறை கல் கொட்டினார்கள். கல்லுக்குக் கீழே இருந்த மணலைக் கடல் உருவிக்கொண்டது, கல் தானாக உள்ளே போனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு மணல்மேடு. தெற்கு வடக்காகப் படுத்திருந்த அதற்குக் கிழக்கே கடல், மேற்கே ஊர்.

அந்த மேட்டைப் பிடித்துவைக்க முனைவர் வடிவாம்பாள் பன்னிரண்டு வருஷம் செலவழித்து ஒரு செடியை உண்டாக்கியிருந்தார். அதன் மூதாதை, டெக்சாஸ் கடற்கரையின் மணல்வெளிகளில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைத்துப் பூத்து, ஒரே வருஷத்தில் விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும் காட்டுச் சூரியகாந்தி. வடிவாம்பாள் அதை உப்புக்காற்றுக்குப் பழக்கி, வேரை நீளமாக்கி, நம் மணலில் நடமாட விட்டார். செடி செத்தாலும் வேர் மணலுக்குள் வலையாகக் கிடக்கும். அடுத்த வருஷத்துச் செடி தன் வேரை அந்த வலையில் பின்னும். அதற்கடுத்தது அதன்மேல். இப்படிப் பின்னிப் பின்னி மேடு இறுகும். ஒரே நிபந்தனை: சங்கிலி அறக்கூடாது. ஒரு தலைமுறை முளைக்காமல் போனால் பழைய வேர் மக்கிவிடும், வலை அவிழ்ந்துவிடும்.

நான்கு வருஷத்தில் மேடு ஆள் உயரம் வளர்ந்தது. வெற்றி என்று ஒன்று உண்டானால் விழா என்று ஒன்று உண்டாகும். கடலோர எழில் மற்றும் மணல் நலத்துறை அமைச்சர் மாண்புமிகு கனகசுந்தரம் வந்தார்.

அமைச்சர் கருப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்கூடக் கழற்ற மாட்டார். அது அவருடைய அடையாளம். மாவட்டத்தில் அவர் ஆட்கள் எல்லோரும் அதே கண்ணாடி போட்டு, பட்டப்பகலில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அவர் காகிதத்தைப் பார்த்துப் பேசியதும் கிடையாது, எல்லாம் மனப்பாடம். "ஏட்டைப் புரட்டாத நாவரசு" என்று தட்டி வைத்திருந்தார்கள். யார் கும்பிட்டாலும் அவர் பேரைத் தனிச்செயலாளர் பரசுராமன் காதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் அமைச்சர் மலர்ந்து சிரிப்பார்.

மேடை மேட்டின் தெற்குக் கோடியில், ஊர்ப்பக்கமாகப் போடப்பட்டிருந்தது. அமைச்சர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு எதிரே மேடு முழுக்கப் பூக்கள் கடலைப் பார்த்து நின்றன. மேடைக்குத் தெரிந்தது பச்சைக் காம்பும் பின்கழுத்தும்தான்.

"ஆகா! எத்தனை எத்தனை மலர்முகங்கள்! அத்தனையும் என்னையே பார்த்தல்லவா சிரிக்கின்றன!" என்றார் அமைச்சர்.

பந்தலில் யாரும் மூச்சுவிடவில்லை. இத்தனை வருஷ சேவகத்தில் இவ்வளவு நயமான கோபத்தைப் பரசுராமன் கேட்டதே இல்லை.

அன்று மதியம் விருந்தினர் மாளிகையில் பரசுராமன் வடிவாம்பாளை உட்காரச் சொல்லவில்லை.

"அய்யா எப்படிக் குத்திக் காட்டினார் பாத்தீங்களா மேடம்? ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அப்படியே உள்ள இறங்குது."

"எதைக் குத்திக் காட்டினார்?"

"எதையா? தலைமை விருந்தினருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது உங்க செடி! எங்க ஊர்ல கல்யாண வீட்ல நாற்காலி இந்தப் பக்கம் பாத்துக் கெடந்தாலே சம்பந்தி சாப்பிடாமப் போயிடுவாரு."

"சார், சூரியகாந்தி மொட்டா இருக்கும்போதுதான் சூரியனோட திரும்பும். பூத்ததும் கழுத்து இறுகிடும். அப்புறம் கிழக்கைத்தான் பாக்கும். அது மரியாதைக் குறைவு இல்ல, பழக்கம்."

"பழக்கத்தை மாத்துங்க."

"மேடையைக் கிழக்கால போட்டா போதுமே."

"கிழக்கே கடல் மேடம். அதோட அய்யா கிழக்கு முகமாத்தான் பேசணும்னு ஜோசியர் கண்டிஷன். ஜோசியர் மாற மாட்டாரு. அய்யா மாற மாட்டாரு. கடல் ஏற்கெனவே இஷ்டத்துக்கு மாறிக்கிட்டிருக்கு. மிச்சம் யாரு? செடி. உப்புத் தண்ணியக் குடிக்க வெச்சீங்கள்ல? தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்பச் சொல்ல முடியாதா? எங்க ஆபீஸ் ஃபேன்கூடத் திரும்புது."

விடை தெரிந்த கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதது படித்தவர்களின் வியாதி. வடிவாம்பாள் சொல்லிவிட்டார்: "வெளிநாட்டுல ஹோட்டல் வரவேற்பறைக்குன்னு ஒரு தொட்டிச் செடி பண்ணியிருக்காங்க. நாம விடுற மூச்சுல கரியமில வாயு இருக்கில்லையா, அது எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் திரும்பும். ஆள் வந்தா பூ திரும்பிப் பாக்கும். அந்த ஜீன் கிடைக்கும். ஆனா..."

"அவ்வளவுதான்! அதைப் போடுங்க."

"ஆனா கிழக்கைப் பாக்காத பூவுக்குத் தேனீ வராது சார். காலை வெயில் நேரா முகத்துல பட்டு பூ சூடாகணும். குளிர்ந்த பூவைத் தேனீ சீண்டாது."

"தேனீ வராம இருந்தா இன்னும் விசேஷம். போன தடவை ஒரு விழாவுல கொட்டி, மாவட்டச் செயலாளர் மூஞ்சி வீங்கி, போஸ்டர்ல இருக்கிற மாதிரியே ஆயிட்டாரு."

"இந்தச் செடி தன் மகரந்தத்துல தானே விதை கட்டாது. தேனீ வராட்டி விதை இல்ல. விதை இல்லாட்டி அடுத்த வருஷம் செடி இல்ல. செடி இல்லாட்டி மேடு இல்ல."

பரசுராமன் ஜன்னலைச் சுட்டினார். வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லு கான்ட்ராக்டர். காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்காரு. கல்லு யாருக்கும் முதுகு காட்டாது மேடம். அதுக்கு முதுகே கிடையாது. நாளைக்கே மேட்டைச் சரிச்சிட்டு ஆரம்பிச்சிடுவாரு. சொல்லுங்க."

வடிவாம்பாள் மனதுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டார். ஒரே ஒரு வருஷம். இந்த வருஷத்து நல்ல விதையை எடுத்துக் குளிர்அறையில் வைத்துவிடுவோம். விழா முடிந்ததும் பழையபடி அதையே விதைத்துக்கொள்வோம். நாட்டில் நடந்திருக்கும் பெரிய காரியங்கள் பலவும் இந்த ஒரே ஒரு வருஷத்தில்தான் ஆரம்பமாகியிருக்கின்றன.

ஒரு பாத்தி மட்டும் போதுமா என்று கேட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் பூ அய்யாவைப் பாத்து, மிச்சம் கடலைப் பாத்து நின்னா அது எதிர்க்கட்சின்னு ஆயிடும் மேடம். மேடு முழுக்கப் போடுங்க."

மேட்டுக்கு மேற்கே முதல் வீடு ரொசாலியுடையது. ஐம்பதை எட்டும் வயது, கருவாட்டு வியாபாரம். முதலில் இருந்த வீடு கடலுக்குள் போன தெருவில் இருந்தது. அதோடு அவள் புருஷன் லியோனும் போனான். மேட்டில் கால் படக்கூடாது என்று வடிவாம்பாள் கேட்டுக்கொண்டபோது ஊர் சிரித்தது. படகு என்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றிப் போவதென்றால் அரை மணி கூடுதல் நடை. ரொசாலிதான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். நான்கு வருஷமாக ஊரில் ஒருவன்கூட மேட்டில் கால் வைக்கவில்லை.

"டாக்டரம்மா, நான் உங்கள நம்பித்தான் எல்லார் வாயிலயும் விழுந்தேன்" என்பாள். "இந்த மஞ்சப் பூவு எங்க வீட்டக் காப்பாத்தும்னு சொல்லுதீங்க. இதுவரைக்கும் எங்கள ஒரு பூவும் காப்பாத்துனதில்ல. செத்த பொறவு மேல போடுவாக, அம்புட்டுதான்."

"மேடு நிக்கிற வரைக்கும் உங்க வீடு நிக்கும் ரொசாலி. அது என் பொறுப்பு."

அந்த வருஷம் பூக்கள் முற்றியபோது ஊர்ப் பெண்கள் கூடி விதையை உதிர்த்துக் கொடுத்தார்கள். எல்லா விதையையும் ஏன் எடுக்கிறீர்கள் என்று ரொசாலி கேட்டாள். வேறு ரகம் ஒன்று போடப்போகிறோம் என்றார் வடிவாம்பாள். என்ன ரகம் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறு பங்குனி. புதுச் செடிகள் மேடு முழுக்கப் பூத்தன. இரண்டாம் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

பெரிய மனிதர்கள் வரும் ஊரில் குடிசை கண்ணில் படக்கூடாது என்பது நிர்வாகத்தின் பாலபாடம். ஆகவே ஊருக்கும் மேட்டுக்கும் நடுவே பந்தல்காரர் பச்சைத் துணியை ஆள் உயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டினார். ஊர் சனம் முழுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, காலையிலிருந்தே அந்தத் துணிக்குப் பின்னால் அடைக்கப்பட்டிருந்தது. கைதட்ட வேண்டிய நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கையசைப்பார், தட்ட வேண்டும்.

விருந்தினர்களுக்கு இந்த முறை பொன்னாடை இல்லை. பரசுராமன் புதுமை செய்திருந்தார். சின்னச் சின்ன சந்தனப் பேழைகளில் "கரை காத்த விதை" என்று எழுதி ஆளுக்கொன்று நினைவுப்பரிசு. வடிவாம்பாள் தம் பேழையைத் திறந்து பார்த்தார். விரலால் தள்ளிப் பார்த்தார். நேரே பரசுராமனிடம் போனார்.

"சார், இந்த விதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உங்க குளிர்அறைலேர்ந்துதான். மூட்டை மூட்டையாச் சும்மாக் கெடந்துச்சே."

"எல்லாத்தையுமா?"

"மேல இடத்துக்கெல்லாம் பெரிய பெட்டியாக் குடுக்கணும்ல?"

முன்வரிசையில் பாதிப் பேர் அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தரும் சோம்பு என்று நினைத்து ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் உப்பு போதாது என்றார்.

அமைச்சர் மேடையேறினார். அவரோடு பரிவாரம் ஏறியது. பத்து நிமிஷத்தில் தெற்கோரப் பூக்கள் அசைந்தன. ஒவ்வொன்றாக, தூக்கத்தில் கழுத்தைத் திருப்புவது போல, மேடைப் பக்கம் திரும்பின. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பரசுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பணி ஓய்வே பெற்றுவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

பிறகு பூக்கள் யோசித்தன. மேடையில் மூச்சு விட்டவர்கள் நாற்பது பேர். பச்சைத் துணிக்குப் பின்னால் ஐந்நூறு பேர், அதுவும் வெயிலில் நின்று வாங்கும் மூச்சு. காற்று வேறு மேற்கிலிருந்து வீசியது. பூக்கள் மெதுவாக, மேடையிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டு, மேடு முழுக்க ஒன்றுபோல் பச்சைத் துணியைப் பார்த்தன. அங்கே மேடையில் இருப்பவரைவிட முக்கியமானவர் யாரோ நிற்பது போல.

துணிக்கு அந்தப் பக்கம் கிழிசலில் கண் வைத்திருந்த பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். போலீஸ்காரர் பதறிப்போய்க் கையசைக்க, ஊரே கைதட்டியது.

"பாருங்கள்! மலர்கள் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை!" என்று முழங்கினார் அமைச்சர்.

பரசுராமன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சென்ற வருஷத்தைவிட இந்த வருஷம் குத்தல் இன்னும் ஆழம்.

ரொசாலிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் வடிவாம்பாள் வந்தபோது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பாத்தியளா டாக்டரம்மா? விடியும்போது கதவத் தொறக்கேன், அம்புட்டுப் பூவும் எங்க ஊரப் பாத்துக்கிட்டு நிக்குது. எங்க சாமியார் பிரசங்கமே வெச்சிட்டாரு. முதமுதலா ஒரு சர்க்கார் சாமான் எங்க பக்கம் திரும்பிப் பாக்குது!"

வடிவாம்பாள் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. விடிகாலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, தூங்குகிற ஊரின் மூச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு மேட்டின் மேல் கொட்டியது. பூக்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றன. மேட்டில் ஒரு தேனீ இல்லை.

"ரொசாலி, கொஞ்சம் உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ரொசாலி கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"குளுந்த பூவுக்கு ஈ வராதோ?"

"வராது."

"ஆறுன டீய எவன் குடிப்பான், சரிதான்." மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பழைய விதை?"

"தின்னுட்டாங்க."

"யாரு?"

"முக்கியஸ்தர்கள்."

ரொசாலி சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: "இப்ப நாங்க என்ன செய்யணும்? மூச்சு விடாம இருக்கணுமா?"

"ஆமா" என்றார் வடிவாம்பாள். "இந்தப் பக்கம் மூச்சே இருக்கக்கூடாது. இப்ப பூத்ததெல்லாம் வீண். ஆனா பக்கக் கிளையில மொட்டு இருக்கு, அடுத்த வாரம் விரியும். அந்த ஒரு மாசம் ஊர் காலியா இருந்தா, மூச்சு இல்லாததால பூ தன் பழைய புத்திக்குக் கிழக்கையே பாக்கும். தேனீ வரும். விதை கட்டும்."

"ஊரு நிக்கணும்னா ஊருல ஆள் இருக்கப்படாது."

"ஒரே ஒரு மாசம்."

"நல்லாத்தான் படிச்சிருக்கிய" என்றாள் ரொசாலி. கோபத்தில் சொன்னாளா என்று வடிவாம்பாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்று சாயங்காலமே அவள் மறுபடி வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில், "நேத்து என்ஜினைத் தூக்கச் சொன்னா, இன்னைக்கு வீட்டத் தூக்கச் சொல்லுதா. நாளைக்கு என்னத்தத் தூக்கச் சொல்லுவா?" என்றார்கள். "ஏலே, கடல் வந்தா ஒன்னயவே தூக்கும். ஒரு மாசம் பொறு" என்றாள் இவள்.

ஊர் காலியானது. ஐந்நூறு பேரும் சட்டி பானை, கோழி, நாயோடு ஆறு மைல் உள்ளே இருந்த புயல் காப்பகத்துக்குப் போனார்கள். ஆண்கள் அங்கிருந்தே சைக்கிளில் வந்து, தெற்கே தூரமாகப் படகிறக்கினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வடிவாம்பாள், வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, தொலைவில் நின்று தொலைநோக்கியில் பார்த்தார். விரியும் பூக்கள் கிழக்கைப் பார்த்தன. வெயில் முகத்தில் இறங்கியது. வெகு நேரம் கழித்து ஒரு கரும்புள்ளி ஆடி ஆடி வந்து ஒரு பூவில் உட்கார்ந்தது. அவர் மணலில் உட்கார்ந்து அழுதார். அடுத்த நாள் இருபது முப்பது வந்தன.

ஓர் ஊர் கேட்காமலே காலியாகியிருக்கும் தகவல் நிர்வாகத்தை எட்டாமல் இருக்குமா? இரண்டாம் விழாவில் நேர்ந்த அவமானத்துக்கு வேர் எது என்று பரசுராமன் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்: அந்த ஐந்நூறு பேர். அவர்களை எப்படி அப்புறப்படுத்துவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தாமாகப் போய்விட்டார்கள். மீனவ மக்கள் மேட்டின் நலன்கருதி மனமுவந்து இடம்பெயர்ந்தனர் என்று அறிவிப்பு வந்தது. மனம் உவந்தவர்கள் மனம் மாறித் திரும்பி வந்துவிடாமல் இருக்க, காலி ஊருக்குக் காவலாக ஒரு பட்டாலியன் ஆயுதப்படை வந்து இறங்கியது. மேட்டடியில் கூடாரம் போட்டார்கள். காலையில் அங்கேயே உடற்பயிற்சியும் செய்தார்கள்.

வடிவாம்பாள் ஓடினார். கூடாரத்து இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

"சார், தயவுசெஞ்சு உங்க ஆட்களை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க. நீங்க மூச்சு விடுறீங்க."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "டியூட்டில மூச்சு விடக்கூடாதுன்னு எங்களுக்கு எதுவும் இல்லையேம்மா."

"பூவைப் பாருங்க சார். எல்லாம் உங்களைப் பாத்துத் திரும்பிடுச்சு!"

அவர் திரும்பிப் பார்த்தார். மேடு முழுக்கப் பூக்கள் அவர் பட்டாலியனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தம்மையறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஆமா, அழகாத்தான் இருக்கு. பசங்க எல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க."

வடிவாம்பாள் பரசுராமனுக்குப் போன் செய்தார். ஊரில் ஆள் இல்லாததால்தான் காவல் தேவைப்படுகிறது என்றார் அவர். ஆள் இருந்தால்? ஆள் இருந்தால் ஊரைக் காலி செய்யக் காவல் தேவைப்படும். எப்படிப் பார்த்தாலும் காவல் உண்டு.

மொட்டுகள் விரிந்தன, காவலரைப் பார்த்தன, காய்ந்தன. முதலில் வந்த சில தேனீக்களும் மறுபடி வரவில்லை. ஆனியில் வடிவாம்பாள் காய்ந்த பூவைக் கசக்கிப் பார்த்தபோது உள்ளங்கையில் பதர்தான் இருந்தது. ஊதினார், பறந்தது. மேடெல்லாம் தேடி ஒரு கைப்பிடி நல்ல விதை தேறியது. அதிலும் அந்த ஜீன்தான் இருந்தது. இருந்தாலும் தூவி வைத்தார்.

ஒரு மாதம் கழிந்தும் காவல் நீடித்ததே ஒழிய ஊர் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களிடம் முதலில் அடையாள அட்டை கேட்டார்கள். பிறகு அட்டையில் இருக்கும் கதவு எண் கடலுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். ரொசாலி இரண்டு முறை தன் வீட்டைப் பூட்டியிருந்த பூட்டைப் பார்த்துவிட்டு வர அனுமதி வாங்கினாள். இரண்டாம் முறை பூட்டைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வந்தாள்.

ஐப்பசி மழையில் மேட்டில் முளைத்தவை பத்துப் பன்னிரண்டு செடிகள். கீழே மணலுக்குள் பழைய வேர்வலை மக்கி அவிழத் தொடங்கியிருந்தது. கார்த்திகையில் வந்தது புயல்கூட இல்லை. சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வு; அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. ஒரு ராத்திரியில் மேடு கலைந்து போனது. காவலர் கூடாரங்கள் முன்னதாகவே பத்திரமாக அகற்றப்பட்டிருந்தன. காலையில் இன்னாசிபட்டினம் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. ஆட்சேதம் இல்லை என்று அரசு பெருமிதத்தோடு தெரிவித்தது. உண்மைதான். ஊரில் ஆளே இல்லையே.

புயல் காப்பகத்தில் போர்வை வழங்கும் விழா நடந்தது. பரசுராமன் மேடைக்கு முன்னால் காகிதச் சூரியகாந்திகள் கட்டியிருந்தார். அவை அமைச்சரை நேருக்கு நேர் பார்த்தன. இப்போது அவருக்கு நிம்மதி.

முதல் போர்வை ரொசாலிக்கு. வடிவாம்பாள் மேடை ஓரமாக நின்றார். போகக்கூடாது என்று நினைத்திருந்தும் வந்திருந்தார். பரசுராமன் அமைச்சரின் காதில் பேரைச் சொன்னார்.

"வாம்மா ரொசாலி!" அமைச்சர் மலர்ந்து சிரித்து, போர்வையை இரு கைகளாலும் நீட்டினார். ரொசாலி நின்ற இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கம் நீட்டினார். அங்கே ஒரு தூண் இருந்தது. அமைச்சர் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ரொசாலி அவர் முகத்தைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்து, தூணுக்கு முன்னால் நின்று, போர்வையை வாங்கிக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்தது. பரசுராமன் அடுத்த பயனாளியைக் கூப்பிடக் கீழே இறங்கினார். வடிவாம்பாள் அமைச்சரின் அருகே போனார்.

"ஐயா, அந்தப் பூ உங்களுக்கு முதுகைக் காட்டிச்சுன்னு முதல் வருஷம் கோபப்பட்டீங்களே..."

"யாரும்மா அது? டாக்டர் குரல் மாதிரி இருக்கு." அமைச்சர் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். "நான் எங்கம்மா கோபப்பட்டேன்? அழகான பூ. என்னையே பாத்துச்சே."

"உங்களை அது பாக்கவே இல்லைங்க."

"அப்படியா?" அமைச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இரகசியம் சொல்லும் குரலில், வெட்கமாகச் சிரித்தார். "எனக்கு அது மொத்தமா மஞ்சளாத்தாம்மா தெரிஞ்சுது. மஞ்சள்கூட இல்ல, ஒரு வெளிச்சம். பரசுராமன்கிட்ட சொல்லிடாத."

அமைச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு ஜோசியர் இன்னும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.